பின்கதவில் இருப்பது சிலுவை இல்லை

செருப்பைக் கழற்ற வேண்டாம், அக்கா. இது கோயில் இல்லை, கார் நிறுத்துகிற கொட்டகை. தரை முழுக்க மெழுகு வேறு, வழுக்கிவிடும். செருப்போடேயே உள்ளே வாருங்கள்.

மெழுகுதிரியா? பையிலேயே இருக்கட்டும். பற்ற வைக்காதீர்கள். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? உள்ளே என் மகள் தூங்குகிறாள். புகை அவளுக்கு ஆகாது, இழுப்பு வந்துவிடும். இந்தக் கொட்டகையில் புகை போட்டுப் போட்டுத்தான் அவளை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

எந்த ஊர்? ஆறுமுகநேரியா? அங்கிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில், இந்த வெயிலில்! போனில் படம் வந்ததா? வந்திருக்கும். அந்தப் படம் போகாத ஊர் இல்லை. துபாயிலிருந்து என் சித்தப்பா மகன் கூப்பிட்டு, "என்னக்கா, உங்க கார்ல இயேசு ஏறிட்டாராமே, சீட் பெல்ட் போட்டுக்கிட்டாரா?" என்று கேட்கிறான். சிரிப்பு வேறு அவனுக்கு.

சரி, வந்தது வந்துவிட்டீர்கள், பாருங்கள். இடது பக்கப் பின்கதவு. நேராக நின்றால் தெரியாது. கொஞ்சம் குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் வரும் பக்கமாகப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே. தெரிகிறதா? கடுகு கடுகாகப் பள்ளம். மேலிருந்து கீழே ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை. இதைத்தான் சிலுவை என்கிறார்கள். புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்கிறார்கள். நான் சொல்கிறேன் அக்கா, இது மோசமான பெயிண்ட் வேலை. வேறு ஒன்றும் இல்லை.

என் வீட்டு வாசலிலேயே நின்று இப்படிச் சொல்கிற ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்கு இந்தத் தெருவில் என்ன பெயர் தெரியுமா? விசுவாசம் இல்லாதவள். கான்வென்டில் படித்துக் கெட்டுப்போனவள்.

நான் கை வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுதிரி நட்டு வைத்த இந்த மணல் தட்டையெல்லாம் நகர்த்த வேண்டும், மாலையைக் கழற்ற வேண்டும், மைனி வருவதற்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். மைனி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. ஃப்ளாரன்ஸ் மைனி. அடுத்த வீடுதான். மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கூட்டம் முடிந்து, கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசி முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம். ஊர்க்கதையில் முக்கால்வாசி என் கதையாகத்தான் இருக்கும், ஆகவே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரு நிமிடம். இவள் மூச்சு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

தூங்குகிறாள். நன்றாகத்தான் வருகிறது மூச்சு. நெஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு வந்தேன். அந்தோணியார் கோயிலில் மந்திரித்த எண்ணெய். எங்கள் அம்மா வருஷா வருஷம் வாங்கித் தருவார். இந்தச் சின்ன பாட்டில் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். மூடநம்பிக்கை என்று நினைக்காதீர்கள், நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இது பழக்கம். பல் தேய்ப்பது போல.

நான் பயந்தவள் இல்லை, அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயந்தவளாக இருந்தால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பேனா?

ஏன் கற்றுக்கொண்டேன் என்று கேளுங்கள். போன வருஷத்துக்கு முந்திய வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானம். என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர், திருநாள் என்றாலும் ஷிஃப்ட் என்றால் ஷிஃப்ட்தான். ஊர் முழுக்க கோயிலுக்குள் முழங்காலில் நிற்கிறது. மகள் ஆக்னஸுக்கு உடம்பு சரியில்லை என்று நான் வீட்டில் இருந்தேன். திடீரென்று இழுக்க ஆரம்பித்துவிட்டாள். விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. உதடு நீலம். தெருவில் ஓர் ஆட்டோ கிடையாது. எங்கள் பகுதி ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் கோயிலில், போனை அணைத்துவிட்டு. கத்திக் கூப்பிடலாம் என்றால் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். மீனுக்கு ஐஸ் ஏற்றிப் போகிற லாரி ஒன்று வந்தது. நடு ரோட்டில் போய் நின்றேன். அந்த டிரைவர் யார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. "ஏறும்மா, ஏறும்மா" என்று ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். பின்னால் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே வந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் நான் ரோட்டில் நின்று கை காட்ட மாட்டேன். நானே ஓட்டுவேன்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், "மேடம், ஸ்டியரிங்கை ஜெபமாலை மாதிரி பிடிச்சு உருட்டாதீங்க" என்பார். சிரித்தார்கள். சிரிக்கட்டும். கற்றுக்கொண்டேன். என் சங்கிலியைக் கொடுத்துத்தான் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினோம். அதற்குப் பிறகு ஆக்னஸுக்கு எத்தனை தடவை இழுத்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் என் கால் தரையில் பட்டது.

பின்னே எப்படிக் கதவில் அடி பட்டது என்கிறீர்களா? அதைக் கேட்காத ஆளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரம். திருநாளுக்குக் கொடியேற்றியிருந்தார்கள். கோயில் முற்றத்தில் வண்டியை வளைத்துத் திருப்புகிறேன், ஒரு ஸ்கூட்டர்க்காரன் குறுக்கே வந்தான், இன்னும் கொஞ்சம் ஒடித்தேன், கொடிமரத்து மேடையின் மூலை. பின்கதவு உள்ளே போய்விட்டது. கொடிமரம் ஒரு ஆட்டம் ஆடியது. ஊர் முழுக்க அங்கே நிற்கிறது. எல்லோரும் மேலே கொடியைப் பார்க்கிறார்கள், ஒருத்தரும் என் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், அந்தக் கதவுக்குப் பின்னால். நான் இறங்கி ஓடிப்போய்த் திறக்கிறேன், கதவு திறக்கவில்லை. மறுபக்கமாகச் சுற்றிப்போய்த் திறந்தால், அவள் கையிலிருந்த பன் பாதியைக் கடித்துக்கொண்டு, "அம்மா, இன்னொரு தடவை" என்கிறாள்.

ஒன்றும் ஆகவில்லை, அக்கா. ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த ஒரு சுற்று சுற்றிப் போனேனே, அதற்குள்...

விடுங்கள்.

"கொடிமரத்தையே இடிச்சிட்டாளே!" என்று அன்றைக்கு ஆரம்பித்தது. மைனி மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லை, அவர்தான் இடித்தது போல. இவர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "வண்டி பழையபடி ஆகட்டும் ஷெர்லி, அப்புறம் ஓட்டு. அந்த அடி தெரியிற வரைக்கும் பாக்கிறவன் எல்லாம் கேப்பான்" என்றார். சரி, நியாயம் என்று வைத்துக்கொள்வோம். கதவு பழையபடி ஆனால் சாவி என் கையில். அப்படித்தான் பேச்சு. இவரே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தார்.

பட்டறை பாளையங்கோட்டை ரோட்டில். பெயர் வேண்டாம். பெயிண்டர் இசக்கிராஜ் அண்ணாச்சி. வாய்தான் முதல், வேலை அப்புறம். "யக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி அனுப்புறேன் பாருங்க" என்றார். நான் தினமும் போய் நின்றேன். எங்கள் கான்வென்ட் தையல் சிஸ்டர், பூ வேலையைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பின்பக்கம் முடிச்சு இருந்தால் அத்தனையும் பிரித்துவிடுவார். அந்தக் கையில் வளர்ந்தவள் நான். என்னிடமா?

ஒடுக்கு எடுத்தார்கள், பட்டி போட்டார்கள், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள், பிரைமர் அடித்தார்கள், மறுபடி தேய்த்தார்கள். அது வரைக்கும் குறை சொல்ல மாட்டேன். கை வைத்துத் தடவினால் கண்ணாடி. பெயிண்ட் அடிக்கிற நாள் நான் போனபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைச் சுத்தமாகத் துடைத்து, சுற்றிலும் காகிதம் ஒட்டி, அடிக்கத் தயாராக நின்றது. சாம்பல் நிறத்தில், நகை எல்லாம் கழற்றின கழுத்து மாதிரி. எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. இந்தக் கதவுக்குப் பின்னால்தானே என் பிள்ளை இருந்தாள். ஆக்னஸ் நெற்றியில் போடுவது போல எண்ணெயில் ஒரு சிலுவை வரைந்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

வண்டி வந்தது. கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, சாயங்கால வெயிலில் பார்க்கிறோம். கைப்பிடிக்குக் கீழே பள்ளம் பள்ளமாக. இவர் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மைத் தழும்பு மாதிரில்லா இருக்கு. இதுக்கா இத்தனை நாளு?" என்றார். சாவி திரும்ப அவர் பைக்குள் போய்விட்டது.

மறுநாள் பட்டறையில் நான் போட்ட சத்தம் அடுத்த டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வந்துவிடும், அது கான்வென்ட் பழக்கம். "ஐ வில் நாட் அக்செப்ட் திஸ்!" என்றேன். அண்ணாச்சி பக்கத்தில் இருந்த டிங்கரைப் பார்த்து, "என்னல சொல்லுதாவ?" என்கிறார். அவர், "பிடிக்கலையாம்" என்கிறார்.

"இது மீன்கண்ணுக்கா. பெயிண்ட்ல சில நேரம் இப்படி வட்ட வட்டமா விழும்."

"தூத்துக்குடிக்காரிகிட்ட வந்து மீன்கண்ணைக் காட்டுறீங்களா அண்ணாச்சி?"

"கடல் காத்துக்கா. உப்புக் காத்து. நாங்க என்ன செய்ய?"

"மத்த மூணு கதவுக்கும் கடல் காத்து அடிக்கலையா?"

"அப்ப கண்ணு பட்டிருக்கும்."

பார்த்தீர்களா? தன் வேலையில் குறை என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. காற்று, கண், நேரம் என்று எதையாவது இழுப்பார்கள். நான் விடவில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அவருக்குப் பாடம் நடத்தினேன். "அண்ணாச்சி, பெயிண்ட் இப்படி விலகிப் பள்ளம் விழுந்தா அதுக்கு ஒரே காரணம்தான். அடியில எங்கேயோ எண்ணெய் இருக்கு. ஒரு சொட்டு, ஒரு கை ரேகை அளவு இருந்தாக்கூடப் போதும், பெயிண்ட் அது மேல உக்காராது, ஒதுங்கி ஓடிரும். உங்க கம்ப்ரஸர் பழசு. காத்தோட சேத்து எண்ணெயைத் துப்புது" என்றேன். "காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணித் தந்திரட்டா?" என்று இழுத்தார். பாலிஷ் போட்டால் பள்ளம் நிரம்புமா? "சுரண்டுங்க. அடி வரைக்கும் சுரண்டி, திரும்ப அடிங்க" என்றேன்.

கடைசியில், "யக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. நீங்க ஏதும் கதவைத் துடைச்சியளா?" என்று என்னையே கேட்கிறார்! "நான் ஏன் துடைக்கேன்? வீட்டுலயே நான் வண்டி துடைக்கிறதில்ல, உங்க பட்டறையில வந்து துடைப்பேனா?" என்றேன். உண்மைதானே? ஒரு துணி கூட என் கையில் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, இரண்டாம் தடவை என் கண் முன்னாலேயே கம்ப்ரஸரைத் திறந்து தண்ணீர், எண்ணெய் எல்லாம் வடித்தார். புது வடிகட்டி மாட்டினார். கதவை அடி வரைக்கும் தேய்த்தார், தின்னர் போட்டுத் துடைத்தார். அவர்கள் சாப்பிடப் போகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அந்தத் தடவை எனக்குக் கொஞ்சம்... பயம் இல்லை, அக்கா. முதல் நாள்தான் ஆக்னஸுக்கு லேசாக இழுத்திருந்தது. சாவி என் கையில் இல்லை. ஆகவே கொஞ்சம் அழுத்தியே வரைந்தேன், மூன்று தரம் அருள் நிறைந்த மரியே சொல்லி.

அப்படியும் பாருங்கள், இரண்டாம் தடவை முதல் தடவையை விட மோசம்! பள்ளம் பெரிது பெரிதாக. புது வடிகட்டி மாட்டியும் இப்படி என்றால் வேறு என்ன சொல்வது? கைதான் கோளாறு. கை சரியில்லாதவனுக்கு எந்தக் கருவி கொடுத்தாலும் அப்படித்தான்.

நான் அழுதுகொண்டே வண்டியைப் பார்த்து நிற்கிறேன், மைனி கீரை ஆய்ந்துகொண்டே வந்தார். சாயங்கால வெயில் கதவில் விழுகிறது. மைனி கையிலிருந்த கீரை அப்படியே கீழே விழுந்தது.

"ஏல டெரன்சு! ஓடியால! சிலுவைல!" என்று தம்பியைக் கூவிக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான், அக்கா. அந்த நிமிடம் என் கார் என் கையை விட்டுப் போனது.

கொடிமரத்தில் இடித்த கதவு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது அதே கதவில் சிலுவை. மைனி எல்லாவற்றையும் கோத்துவிட்டார். மறுநாள் ஜெபமாலைக் கூட்டம். அதற்கு மறுநாள் மணல் தட்டு, மெழுகுதிரி, சாம்பிராணி. கொட்டகையைச் சுற்றி சீரியல் லைட். மாதா குகைக்கோயில், கெபி மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஃபாதர் வந்தார். அவர் படித்தவர், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "நானா ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போனார்.

இவருக்கோ பெருமை. கொடிமரத்தை இடித்தவள் புருஷன் என்று தலை குனிந்து போனவர், இப்போது ஹார்பரில் எல்லோரும் கை கொடுக்கிறார்களாம். "கொஞ்ச நாளு நிக்கட்டும் ஷெர்லி. ஊர் சனம் ஆசையா வருது" என்கிறார். மைனி சாவியை வாங்கிக்கொண்டுபோய் அவர் வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார். "சிலுவை இருக்கிற வண்டிய ரோட்டுல ஓட்டி, நாய் பூனை மேல ஏத்தவா? பாவம்ட்டி" என்கிறார்.

நான் கேட்டேன்: "மைனி, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். தேடுனாக் கிடைக்கும். கண்ணுக்கு முன்னால இருக்கறதையே பாக்காம, உடனே புதுமைன்னு சொல்லக்கூடாது."

"ஒனக்கு விசுவாசம் இல்ல" என்றார்.

எனக்கா விசுவாசம் இல்லை?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம், கொட்டகை நிறையக் கூட்டம், சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளே. ஆக்னஸுக்கு ஆரம்பித்துவிட்டது. நான் வெளியே ஓடிவந்து, "மைனி, சாவி, சாவி" என்கிறேன். மைனி வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேதான் முழங்காலில் இருக்கிறார். எழுந்து, இடுப்பில் கொத்துச் சாவியைத் தேடி, அது இல்லை, இது இல்லை என்று பார்க்கிறார். கூட்டத்தில் ஒரு அம்மா, "பிள்ளையைக் கதவுல தொட வைங்க, சரியாயிரும்" என்கிறார். புகைக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்கிறார்! நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பவும் அதே மெயின் ரோடு. என் கார் மாலை போட்டுக்கொண்டு கொட்டகையில் நிற்கிறது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் கை காட்டுகிறேன்.

ஆட்டோ கிடைத்தது. கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காமல் இருந்திருந்தால்?

அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "கதவு பழையபடி ஆனாச் சாவி தாரேன்னீங்கள்ல? ஆக்கிக் காட்டுதேன்."

இசக்கிராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டால் அவர் கதையே மாறிப்போயிருக்கிறது! பட்டறை வாசலில் என் கதவுப் படத்தைப் பெரிதாக அடித்து மாட்டியிருக்கிறாராம், "நம்ம கைவண்ணம்" என்று. "யக்கா, அதை நான் தொட மாட்டேன். எந்தச் சாமியா இருந்தா என்ன, சாமி சாமிதானே. எனக்கு எதுக்குப் பொல்லாப்பு?" என்கிறார். மோசமான வேலையைச் செய்தவர், அதைச் சரி செய்யச் சொன்னால் பக்தி வந்துவிடுகிறது. நான் விட்டேனா? "அந்தப் பாவத்தை நான் ஏத்துக்கிடுதேன் அண்ணாச்சி. முதல் தேய்ப்பு நான் தேய்க்கேன். அதுக்கப்புறம் அது வெறும் தகரம். அடிச்சுத் தாரீங்களா, இல்ல பட்டறை வாசல்ல வந்து உக்காரட்டா?" என்றேன். "உக்காந்திராதீக, வாங்க" என்றார்.

இதோ உப்புத்தாள். நானே கடையில் வாங்கினேன்.

சாவியா? இன்றைக்கு மைனி கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "மைனி, மாதாவுக்குப் பூ மாத்தவா?" என்று கேட்டு அவர் வீட்டுக்குள் போனேன். பூவையும் மாற்றினேன். சாவியையும் எடுத்தேன். திருட்டு இல்லை அக்கா, என் சாவி. மாதாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவளும் பிள்ளை பெற்றவள்தானே, வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்?

அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அப்படித்தான். இனி வழியில் ஒன்றும் இல்லை.

உங்கள் கையில் என்ன, கைக்குட்டையா? யாருக்கு? உங்கள் வீட்டுக்காரருக்கா? கிட்னியா, அக்கா? ஐயோ. அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். ஒற்றிக்கொள்ளுங்கள். கதவில் நன்றாக ஒற்றிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பள்ளத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பதில், இந்த எண்ணெயில் இரண்டு சொட்டு விடுகிறேன், கைக்குட்டையை நீட்டுங்கள். இது மந்திரித்தது. வீட்டுக்குப் போய் அவர் இடுப்பில் வையுங்கள். இதில் சக்தி இருக்கிறது.

முடிந்ததா? சரி, இப்போது தள்ளி நில்லுங்கள்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அக்கா. மைனி வழியில் மறித்து வண்டியைத் திருப்பச் சொன்னாலும் திருப்ப முடியாதபடி இங்கேயே ஆரம்பித்துவிடப் போகிறேன். இப்படி, குறுக்கே. இந்தச் சத்தம் பல்லைக் கூச வைக்கிறது, இல்லையா? இன்னும் கொஞ்சம். தாள் நல்ல சொரசொரப்பு. அவ்வளவுதான். பார்த்தீர்களா, இடி விழவில்லை. சிலுவையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

தூசியை என் துப்பட்டாவிலேயே துடைத்துவிடுகிறேன். சுத்தமாக இருக்கட்டும்.

அதோ தெருமுனையில் நீலக் குடை தெரிகிறது. மைனிதான். வேகமாக வருகிறார், யாரோ சொல்லிவிட்டார்கள். வரட்டும். என்ன செய்துவிடுவார்? நான் பயப்படுகிற ஆளா? ஆக்னஸைத் தூக்கி வந்து முன் சீட்டில்... இல்லை, பின் சீட்டில் படுக்க வைக்கிறேன். நீங்களும் ஏறுங்கள், அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் தாண்டித்தானே போகிறேன், இறக்கிவிடுகிறேன். இந்த வெயிலில் நடக்க வேண்டாம்.

ஒரு நிமிடம், ஒரு நிமிடம். இதை மறந்துவிட்டேன் பாருங்கள்.

பட்டறையில் அவர்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து மறுபடி ஒன்று போடுவேன். ஆனாலும் இந்தக் கதவுக்குப் பின்னால் என் பிள்ளை படுத்திருக்கிறாள், வெறுமனே எப்படி எடுப்பது? இந்த இடத்தில்தான் எப்போதும் போடுவது. கைப்பிடிக்குக் கீழே. மேலிருந்து கீழே... குறுக்கே... தேய்த்துத் துடைத்த பிறகுதான் போட வேண்டும், அழுக்கு மேல் போடக்கூடாது. நன்றாக அழுத்தி. இரண்டு தடவை அந்த ஆள் கெடுத்துவிட்டார், இந்தத் தடவையாவது காவல் இருக்கட்டும்.

என்ன அக்கா? ஏன் என் கையையும் கதவையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்?

என்னமோ சொல்ல வருகிறீர்கள். வழியில் சொல்லுங்கள், கேட்கிறேன். குடை பக்கத்தில் வந்துவிட்டது. முதலில் ஏறிக் கதவைச் சாத்துங்கள், நான் வண்டியை எடுக்கிறேன்.